சான்றிதழுக்குப் பிறகு

மதிப்பிற்குரிய அம்மா,

மனநலம் குறித்துத் தாங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். நான் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்று, தேனி மாவட்டத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் ஆலோசகராக வேலை செய்கிறேன். இணையவழியில் இலவசமாக நடத்தப்பட்ட பல பயிற்சிகளை முடித்திருக்கிறேன். மனச்சோர்வு, பதற்றம், பேரதிர்ச்சியின் பாதிப்பு என ஒவ்வொன்றுக்கும் ஆய்வில் நிறுவப்பட்ட சிகிச்சையைத்தான் கற்பித்தார்கள். கோப்பில் சான்றிதழ்கள் சேர்ந்துவிட்டன. ஆனால் எதிரே ஒருவர் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும்போது கற்றது எதுவும் கைகொடுப்பதில்லை. பழையபடி ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுகிறேன். எங்கள் மையத்துக்கு வரும் மனநல மருத்துவர், “இலவசமாகக் கிடைப்பதற்கு அவ்வளவுதான் மதிப்பு” என்கிறார். அவர் சொல்வது சரியா? அடுத்த மாதம் மற்றொரு பயிற்சிக்கு அழைப்பு வந்திருக்கிறது. சேர்வதா வேண்டாமா என்று தெரியவில்லை.

எஸ்., தேனி

அன்புள்ள எஸ்.,

உங்கள் மருத்துவரின் கணிப்பை நான் ஏற்கவில்லை. பல்லாயிரம் ரூபாய் கட்டி, நட்சத்திர விடுதியில் இரண்டு நாள் பயிலரங்கில் உட்கார்ந்து எழுந்து வந்தவர்களும் உங்கள் நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய சான்றிதழின் தாள் மட்டும் சற்றுக் கனமாக இருக்கும். கட்டணத்தை விட்டுவிட்டு, பயிற்சி எந்த இடத்தில் நிறுத்தப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு உங்கள் கேள்விக்கு ஏறக்குறைய நேராகவே பதில் சொல்கிறது. யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், சாதாரணச் சமூக மையங்களில் பணியாற்றும் 78 பேரை எடுத்துக்கொண்டு, எண்ணங்களையும் செயல்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை மூன்று விதமாகக் கற்பித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கையேடு மட்டும் தரப்பட்டது. இன்னொரு பிரிவுக்குக் கையேட்டுடன் இணையவழிப் பாடம். மூன்றாவது பிரிவுக்குக் கையேடு, நேரடி வகுப்பு, அதன்பின் அவர்கள் நடத்தும் அமர்வுகளைக் கேட்டுக் கருத்துச் சொல்லும் மேற்பார்வை. பிறகு அவர்களை மாதிரி அமர்வுகள் நடத்தச் சொல்லி, அந்தப் பதிவுகளை வெளி மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்தபோது, மேற்பார்வை பெற்ற பிரிவு கையேடு மட்டும் பெற்ற பிரிவைவிடத் தெளிவாக மேலே இருந்தது. இணையவழிப் பாடம் படித்தவர்கள் இந்த இரண்டு பிரிவுக்கும் இடைப்பட்ட நிலையில் இருந்தார்கள். ஆகவே நீங்கள் முடித்த பயிற்சிகள் முற்றிலும் வீண் அல்ல. பாதி வழிவரை கொண்டுவந்து விட்டிருக்கின்றன.

வில்லியம் மில்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த இரண்டு ஆய்வுகளையும் இங்கே சொல்ல வேண்டும். மாற வேண்டும் என்ற விருப்பத்தை ஒருவரிடமிருந்தே வெளிக்கொணரும் ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் மில்லர். தம் முறையைக் கற்பிக்கும் பயிலரங்கையே சோதனைக்கு உட்படுத்தியவர். 2001இல் வெளிவந்த சிறிய ஆய்வில், பயிலரங்கை முடித்தவர்கள் தங்கள் திறமை வெகுவாகக் கூடிவிட்டதாக எழுதிக்கொடுத்தார்கள், ஆனால் அவர்கள் நடத்திய அமர்வுகளின் ஒலிப்பதிவில் மாற்றம் மிகக் குறைவாகவே தெரிந்தது. 2004இல் 140 பேரை வைத்துச் செய்த அடுத்த ஆய்வில், பயிலரங்கம் மட்டும் பெற்றவர்களின் முன்னேற்றம் சில மாதங்களில் கரைந்துவிட்டது. தங்கள் அமர்வைக் கேட்ட ஒருவரின் கருத்தைப் பெற்றவர்களிடமும், தொலைபேசியில் தொடர் வழிகாட்டல் பெற்றவர்களிடமும் அது நிலைத்தது. கற்றது கைகொடுக்கவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதே, அந்தப் பயிலரங்கை முடித்தவர்கள் பலரைவிட நீங்கள் முன்னே இருப்பதைக் காட்டுகிறது.

அமர்வில் என்ன தவறுகிறது என்பதற்கு, ஆலோசகர்களின் மேற்பார்வைக் கூட்டம் ஒன்றில் நான் கேட்ட பதிவைச் சொல்கிறேன்; அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மனச்சோர்வில் இருந்த ஒரு பெண், “காலையில எந்திரிக்கவே முடியலைங்க, வாசல் தெளிச்சே ரொம்ப நாளாச்சு” என்கிறார். ஆலோசகர் உடனே, “அப்படியெல்லாம் இருக்கக் கூடாதுங்க, பிள்ளைகளை நெனச்சுத் தைரியமா இருங்க” என்கிறார். அந்தப் பெண் “சரிங்க” என்று சொல்லிவிட்டு அதன்பின் பேசவில்லை. கூட்டத்தில் இருந்த மற்றொரு ஆலோசகர் பதிவை அங்கேயே நிறுத்தச் சொல்லி, “வாசல் தெளிக்கிறதைப் பத்தி அவங்களாச் சொன்னாங்களே, அதைக் கேக்கலாமே” என்றார். எப்போதிலிருந்து அது நின்றுபோனது, அந்த நேரத்தில் இப்போது என்ன செய்கிறார், கோலம் போடாவிட்டாலும் போகிறது, நாளைக் காலை ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் தெளிக்க முடியுமா, தெளித்தபின் மனநிலை எப்படி இருந்தது என்று அடுத்த வாரம் சொல்ல முடியுமா? நின்றுபோன செயல்களைச் சிறிது சிறிதாக மீட்டு அதன் வழியே மனநிலையை உயர்த்தும் சிகிச்சை இந்தக் கேள்விகளில்தான் நடக்கிறது. அந்த ஆலோசகருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. தேர்வு வைத்திருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார். எதிரே அழுகை கேட்டதும் பழக்கம் முந்திக்கொண்டது.

இதே சிகிச்சையைத்தான் கோவாவில் சங்காத் என்ற அமைப்பு, மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குக் கற்பித்தது. 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு உடைய 495 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயின. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆறு முதல் எட்டு அமர்வுகள் வரை கொண்ட இந்தச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 64 சதவீதத்தினரும், மருத்துவரின் சற்று மேம்படுத்தப்பட்ட வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினரும் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். செய்தித்தாள்கள் இந்த எண்களைத்தான் எடுத்துப் போட்டன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த ஆலோசகர்கள் குழுவாக உட்கார்ந்து ஒருவர் அமர்வை மற்றவர்கள் ஒலிப்பதிவில் கேட்டு, ஒரு மதிப்பீட்டுத் தாளில் மதிப்பெண் போட்டுப் பேசிய ஏற்பாடு. அவர்கள் ஒருவருக்கொருவர் போட்ட மதிப்பெண்கள் நிபுணர்கள் போட்டவற்றோடு பெரும்பாலும் ஒத்துப்போயின என்று அதே குழு முன்னதாகவே காட்டியிருந்தது. மேற்பார்வைக்கு நிபுணர் கிடைக்கவில்லை என்பதால் மேற்பார்வையே வேண்டாம் என்று விட்டுவிடத் தேவையில்லை.

பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதியில் அதிஃப் ரஹ்மான் குழுவினர் நடத்திய ஆய்வும் 2008இல் லான்செட்டில் வந்தது. அங்கே மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளைக் கவனிக்கப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு அளித்த வகுப்பு மிகக் குறுகியது, மேற்பார்வை மட்டும் மாதந்தோறும் தொடர்ந்தது. குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆனபோது, அவர்கள் கவனித்த தாய்மார்களில் 23 சதவீதத்தினருக்கும், ஒப்பீட்டுக் குழுவில் 53 சதவீதத்தினருக்கும் மனச்சோர்வு இருந்தது.

இதில் பணமும் ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை 2008இல் உளவியல் சிகிச்சையைப் பரவலாக்கத் தொடங்கியபோது, பயில்பவர்களுக்குச் சம்பளமும் வாராந்தர மேற்பார்வையும் தரப்பட்டன. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறை, பேரதிர்ச்சிக்கான சிகிச்சைகளைத் தன் ஊழியர்களுக்குக் கற்பித்தபோதும் பயிலரங்கத்தைத் தொடர்ந்து மாதக்கணக்கில் கலந்தாலோசனை வைத்தது. நம் ஊரில் காணொளியை இலவசமாகக் கொடுத்துவிட்டு, எத்தனை ஆயிரம் பேர் முடித்தார்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். காணொளியை ஒருமுறை எடுத்தால் போதும், மேற்பார்வைக்கு வாராவாரம் ஒருவருடைய நேரம் வேண்டும், அதற்கு நிதி ஒதுக்க ஆள் கிடைப்பதில்லை. உங்கள் நிறுவனமும் வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும். பயிற்சிக்குப் போக அனுமதித்தோமே என்று அவர்கள் திருப்தியடைந்துவிடக் கூடாது.

உங்களுக்கு என் யோசனை இதுதான். கற்றவற்றில் ஒரே ஒரு சிகிச்சையை இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் வருவோரில் மனச்சோர்வு அதிகமென்றால் அதற்கானதையே எடுங்கள். பேரதிர்ச்சிக்கான சிகிச்சையைக் காணொளிப் பாடத்தை மட்டும் நம்பித் தனியாகத் தொடங்க வேண்டாம். பக்கத்து நிறுவனங்களில் இதே வேலை செய்யும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, சிகிச்சைக்கு வருபவர் முழு மனதோடு சம்மதித்தால் மட்டும் அமர்வைப் பதிவுசெய்து, பெயர் சொல்லாமல் கேட்டு, கேட்டதும் அழித்துவிடுங்கள். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் மனச்சோர்வின் அளவைக் காட்டும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விகளை நிரப்பச் சொன்னால், ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பினோமா, சிகிச்சை நடந்ததா என்பது வாரங்கள் போகப்போக எண்ணிலேயே தெரிந்துவிடும். அது இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ‘இல்லை’ அல்லாத எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே விவரமாகக் கேட்டு, மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். மருத்துவர் உடனே கிடைக்காத நேரத்துக்கு, 24 மணி நேரமும் இயங்கும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைச் சுவரில் ஒட்டிவையுங்கள். இன்னொன்று, எத்தனை பயிற்சி முடித்தாலும் பெயர்ப் பலகையில் ‘மருத்துவ உளவியலாளர்’ என்று எழுதிவிடாதீர்கள். அதற்குத் தனிப் படிப்பும் பதிவும் வேண்டும்.

அடுத்த மாதப் பயிற்சியில் சேர்வதற்கு முன் அதை நடத்துபவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வகுப்பு முடிந்தபின் என் முதல் சில அமர்வுகளை யார் கேட்பார்கள், எத்தனை வாரம் கேட்பார்கள், தமிழில் நடக்கும் அமர்வைப் புரிந்துகொள்பவர் அவர்களில் இருக்கிறாரா என்று கேளுங்கள். மேற்பார்வை உண்டென்றால் தயங்காமல் சேருங்கள். இல்லையென்றால், நான் சொன்ன குழுவைக் கூட்டுவதற்கு அந்த மணிநேரங்களைச் செலவிடுங்கள். அவர்களிடமிருந்து பதில் வந்ததும் எனக்கும் தெரிவியுங்கள். இதே கேள்வியை வேறு சிலரும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் சொல்ல வேண்டும்.