ஆதியாகமம் 6-இல் வரும் இராட்சதர்கள் யார்? பழங்கால யூதர்கள் அவர்களை எப்படிப் புரிந்துகொண்டார்கள்?

மொத்தம் நாலே வசனம். தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளை மணந்தார்கள், அந்நாட்களில் பூமியில் இராட்சதர் இருந்தார்கள் என்று சொல்லிவிட்டுக் கதை நோவாவிடம் போய்விடுகிறது. அந்தத் தேவகுமாரர் யார் என்பதில்தான் சண்டையே.

அவர்கள் ஆதாமின் மகன் சேத்தின் வம்சம், பெண்கள் இன்னொரு மகன் காயீனின் வம்சம் என்று சபைகளில் பலர் கேட்டிருப்பீர்கள். அது பிற்காலத்து விளக்கம். கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் யூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதியதில் தென்படுகிறது. பிறகு அகஸ்டின் அதற்குப் பலம் சேர்த்தார்.

அதற்கு வெகு காலம் முன்பே ஏனோக்கின் புத்தகம் என்ற பழைய யூத நூல் அவர்களை வானத்துத் தூதர்கள் என்றது. 200 பேர் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். தலைவன் செமியாசாவுக்கு உள்ளூர உதறல்: கடைசியில் நீங்களெல்லாம் பின்வாங்கிவிட்டால் பாவம் என் தலையில் மட்டும் விழுமே என்கிறான். உடனே எல்லோரும் சேர்ந்து சத்தியம் செய்கிறார்கள். பிறந்த இராட்சதர்கள் ஜனங்களின் உழைப்பையெல்லாம் தின்று தீர்த்து, அப்புறம் ஜனங்களையே தின்றார்கள். அவர்கள் செத்த பிறகு அவர்களுடைய ஆவிகள்தான் பூமியில் அலையும் பொல்லாத ஆவிகளாயின. வெள்ளம் வந்தும் தீமை ஏன் ஒழியவில்லை என்ற கேள்விக்கு அந்தக் காலத்து யூதர்கள் தேடிய பதில் இது. எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு.

சவக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த அரமேயத் துண்டுகளில் இராட்சதர்களைப் பற்றியே தனி நூல் இருக்கிறது. அதில் அவர்கள் கெட்ட கனவு கண்டு நடுங்கி, அர்த்தம் கேட்க மகாவாய் என்பவனை ஏனோக்கிடம் அனுப்புகிறார்கள். பாபிலோனியக் காவிய நாயகன் கில்கமேஷின் பெயரும் அங்கே வருகிறது.

பிற்கால யூத வேத போதகர்களான ரபீக்கள் இதை ஏற்கவில்லை. தேவகுமாரர் என்றால் நியாயாதிபதிகளின் பிள்ளைகள் என்றார் ரபி சிமியோன் பார் யோகாய். வேறு அர்த்தம் சொன்னவர்களைச் சபிக்கவும் செய்தார். ஆனால் யோபு முதல் அதிகாரத்தில் தேவபுத்திரர் (எபிரேயத்தில் தேவகுமாரர் என்பதற்குள்ள அதே சொல்) கர்த்தரின் சந்நிதியில் வந்து நிற்கிறார்கள். அதனால் தூதர்கள் என்ற பழைய வாசிப்புதான் வசனத்துக்கு நெருக்கம் என்பது என் முடிவு.

சரி, வெள்ளத்தில் எல்லோரும் அழிந்தால் எண்ணாகமம் 13-இல் இஸ்ரவேலின் வேவுகாரர்கள் கானானில் இராட்சதரைக் கண்டோம் என்றார்களே, அவர்கள் பார்த்தது யாரை? பாசானின் ராஜா ஓக் பேழையைப் பற்றிக்கொண்டு தப்பினான் என்று ரபீக்கள் ஒரு கதை வைத்திருந்தார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. நாங்கள் வெட்டுக்கிளிகளைப்போல இருந்தோம் என்றவர்கள் பயந்துபோனவர்கள். அவர்கள் பரப்பியது துர்ச்செய்தி என்று அந்த அதிகாரமே சொல்கிறது.