விளம்பரம் இல்லாமல் வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர்கள் எப்படி வருவார்கள்?

சீனியரிடமிருந்து பிரிந்து தனியாக அலுவலகம் போட்டிருக்கும் ஓர் இளம் வழக்கறிஞர், விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்கலாமா, வேறு எப்படிக் கட்சிக்காரர்களை, அதாவது வழக்கு கொடுப்பவர்களை, சேர்ப்பது என்று கேட்டிருக்கிறார்.

முதலில், நீங்கள் தொழில் செய்யும் நாட்டின் விதியைப் படித்துவிடுங்கள். இது இடத்துக்கு இடம் தலைகீழாக மாறும். அமெரிக்காவில் அரிசோனாவைச் சேர்ந்த இரண்டு வழக்கறிஞர்கள் தங்கள் கட்டணத்தைப் போட்டுச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார்கள். அவர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், வழக்கறிஞர் விளம்பரத்தை அடியோடு தடுப்பது பேச்சுரிமைக்கு முரணானது என்று 1977-இல் தீர்ப்பு வந்தது. இந்தியாவிலோ வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் 36-ஆம் விதி விளம்பரத்தையும் ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும் தடுக்கிறது. 2008-இல் வந்த திருத்தம் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறை வழக்குகளை நடத்துகிறீர்கள் என்ற அளவில் இணையதளத்துக்கு வழிவிட்டது. அதைத் தாண்டி ஒரு வரி எழுதினாலும் யோசித்து எழுதுங்கள்.

விளம்பரத்துக்கு அனுமதி உள்ள இடத்திலும் நான் அதிலிருந்து தொடங்கச் சொல்லமாட்டேன். வீட்டுக்கு நோட்டீஸ் வந்து கதிகலங்கி நிற்பவர் முதலில் செய்வது, நம்பிக்கையான ஒருவரிடம் "நல்ல வக்கீல் யாராவது தெரியுமா?" என்று கேட்பதுதான். அந்தக் கேள்விக்கு உங்கள் பெயர் பதிலாக வர வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை: இப்போது உங்களிடம் இருக்கும் கட்சிக்காரர்கள், உங்கள் சக வழக்கறிஞர்கள்.

கட்சிக்காரர்களுக்கு வழக்கறிஞர்மீது உள்ள பெரிய மனக்குறை தோல்வி அல்ல. "போன் எடுக்கமாட்டார், வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்றே தெரியவில்லை" என்பதுதான். வாய்தா போட்ட நாளில் நமக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கோ அன்று முழுவதும் வயிற்றில் நெருப்பு. ஆகவே ஒவ்வொரு விசாரணை முடிந்ததும் அன்று மாலைக்குள் நான்கு வரி அனுப்புங்கள். இப்படி: "இன்று எதிர்த்தரப்பு பதிலுரை தாக்கல் செய்யவில்லை, அவகாசம் கேட்டார்கள். நாம் ஆட்சேபித்தோம். இதுவே கடைசி வாய்ப்பு என்று சொல்லி நீதிபதி 14-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்திருக்கிறார். அன்று நீங்கள் வர வேண்டியதில்லை; அதற்குள் அசல் ரசீதுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்." எழுத இரண்டு நிமிடம் ஆகும். அவர் அதை மனைவியிடம் காட்டுவார், மைத்துனரிடம் காட்டுவார். மைத்துனருக்கும் ஒரு நிலத்தகராறு இருக்கலாம்.

கட்டணத்தையும் முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எந்தக் கட்டம் வரை இந்தத் தொகை, நீதிமன்றக் கட்டணமும் நகல் செலவும் இதில் சேருமா, மேல்முறையீடு தனியா என்பது அதில் இருக்க வேண்டும். பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டால், பின்னால் வழக்கு ஜெயித்தாலும் மனக்கசப்பு மிஞ்சும்.

சக வழக்கறிஞர்களிடம் "எல்லா வழக்கும் பார்ப்பேன்" என்று சொன்னால் யாருக்கும் உங்கள் நினைவு வராது. வாடகைத் தகராறு, பணியாளர் வழக்கு, பாகப்பிரிவினை என்று ஒன்றிரண்டைத் தேர்ந்து, அவற்றை ஆழமாகப் படியுங்கள். தங்களுக்குப் பழக்கமில்லாத வழக்கு வரும்போது மற்றவர்கள் உங்களிடம் அனுப்புவார்கள். அனுப்பியவரின் கட்சிக்காரரை அவருடைய மற்ற வழக்குகளுக்கும் இழுத்துக்கொள்ளாதீர்கள். அப்படி ஒருமுறை செய்தால் போதும், நீதிமன்ற வளாகம் முழுக்கத் தெரிந்துவிடும். கணக்காளர்கள், தரகர்கள் போன்றவர்களுக்குக் கமிஷன் கொடுத்து வழக்கு வாங்குவது பல நாடுகளில் ஒழுங்கீனம். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எழுத வருமென்றால் எழுதுங்கள். "வாடகை ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாவிட்டால் என்ன செய்வது?" என்பது போல, மக்கள் உண்மையில் கேட்கும் ஒரே கேள்விக்கு ஒரு கட்டுரை. சட்டப் பிரிவுகளை அடுக்காமல், எந்த ஆவணம் வேண்டும், முதலில் என்ன அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் கட்சிக்காரரின் கதையை, பெயரை மாற்றிக்கூட எழுதாதீர்கள், ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கையில் வேலை இல்லாத நாட்களில் தகுதியில்லாத வழக்கையும் வாங்கிப் போடத் தோன்றும். வாங்காதீர்கள். "இதில் ஜெயிக்க வாய்ப்புக் குறைவு, சமரசம் பேசிப் பாருங்கள்" என்று நீங்கள் திருப்பி அனுப்பியவர், அடுத்து உண்மையான பிரச்சினை வரும்போது வேறு யாரிடமும் போகமாட்டார். என்னிடம் நீண்ட காலமாக இருக்கும் கட்சிக்காரர்களில் சிலர் அப்படி வந்தவர்கள்தான்.