சிறிய கல்லூரியில் இயற்பியல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பாளையங்கோட்டையில் இளநிலை இயற்பியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் எடுத்தவன் நான். பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் என்னிடம் வந்த கேள்விகள் இவை.

சார், மகளுக்குப் பக்கத்து ஊர்க் கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் கிடைத்திருக்கிறது. வகுப்பில் முப்பது பேர்தானாம். சென்னைக்கு அனுப்பாமல் தப்புச் செய்கிறோமா? (ஒரு தாய், அம்பாசமுத்திரம்)

தப்பே இல்லையம்மா. ஒரு கருவியை ஐந்து பேர் சுற்றி நின்றால் ஒருவர் பார்ப்பார், மற்ற நால்வர் அளவுகளை எழுதிக்கொள்வார்கள். சிறிய வகுப்பில் எல்லோர் கையும் கருவியில் படும். நியூட்டன் வளையச் சோதனையில், கண்ணாடித் தட்டின் மேல் லென்ஸை வைத்து விளக்கொளி பாய்ச்சினால் கறுப்பும் வெளிச்சமுமாக வளையங்கள் தெரியும்; இரண்டும் தொடும் நடுப்பொட்டு கறுப்பாக இருக்க வேண்டும். என் மாணவி ஒருத்திக்கு அது கறுப்பாக வரவில்லை, வெளிச்சமாகவே நின்றது. தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவள் ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு, லென்ஸையும் கண்ணாடித் தட்டையும் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்தினாள். கறுப்புப் பொட்டு வந்தது. நடுவே தூசி இருந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு வைக்கும் சோடிய விளக்கு ஒளியின் அலைநீளம் 589 நானோமீட்டர். அதில் கால் பங்கு இடைவெளி விழுந்தாலே கறுப்பு வெளிச்சமாகிவிடும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஏழாயிரத்தில் ஒரு பங்கு! அன்று அவள் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை நான் இன்னும் மறக்கவில்லை.

இயற்பியல் பிடிக்கும், கணக்கு வராது. சமாளிக்கலாமா? (மாணவன், நாங்குநேரி)

முடியாது தம்பி. ஆனால் கணக்கை வரவழைக்கலாம். துணைப்பாடம்தானே என்று கணிதத்தை ஒதுக்கியவர்கள் மூன்றாம் ஆண்டில் குவாண்டம் இயக்கவியலில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். வகையீடு, தொகையீடு, வெக்டர் மூன்றையும் கல்லூரி திறப்பதற்குள் கையால் போட்டுப் பழகு.

தமிழ் வழியில் படித்தேன். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறதே? (மாணவி, வள்ளியூர்)

முதல் பருவம் கடினமாகத்தான் இருக்கும். பாடத்தைத் தமிழில் யோசி, தேர்வை ஆங்கிலத்தில் எழுது. புரியாததை ஆசிரியர் அறைக்கே போய்க் கேள். சிறிய கல்லூரியில் உன் பெயர் அவருக்குத் தெரியும்.

பட்டத்துக்குப் பிறகு என்ன வழி? (தந்தை, சேரன்மகாதேவி)

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. எந்தக் கல்லூரியில் படித்தவரும் எழுதலாம். இரண்டாம் ஆண்டிலேயே தயாராக வேண்டும். ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்கு அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது.

நம் பக்கத்தில் இயற்பியல் ஆராய்ச்சி என்று ஏதாவது நடக்கிறதா? (மாணவன், களக்காடு)

நன்றாகக் கேட்டாய். பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சரியாமல் படுத்தே கிடக்கும் இடங்களை இணைக்கும் கோடு, நம் சீமையை ஒட்டிப் போகிறது. தலைக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில், அந்தக் கோட்டை ஒட்டி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. அதை ஆராயவே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருக்கிறது. உன் கல்லூரி அலமாரியில் காந்தச் சரிவு பார்க்கும் ஊசிக் கருவி கிடந்தால் எடுத்துத் தரச் சொல். வடக்கு தெற்காக வைத்துப் பார். தில்லியில் 40 பாகைக்கு மேல் சரியும் அந்த ஊசி, இங்கே ஏறக்குறையப் படுத்தே கிடக்கும்.