கிண்ணம் இருக்கிறது, எண்ணெய் எங்கே?

வணக்கம் ஐயா,

மகனுக்கு ஒன்றரை வயது. நானும் மனைவியும் குடிக்கும் கொழுப்பு நீக்கிய பாலையே அவனுக்கும் கொடுக்கிறோம். அம்மா கோபித்துக்கொள்கிறார். பால் பெட்டியில் வைட்டமின் ஏ, டி சேர்த்திருப்பதாகப் போட்டிருக்கிறது. பாலில் உள்ள பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம் இவற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று படித்தேன். அப்படியென்றால் கொழுப்பு தேவையில்லைதானே? பாலைக் காய்ச்சினால் அந்தப் புரதம் போய்விடுமா? நாட்டு மாட்டுப் பால் இங்கே கிடைக்குமா?

– ஒரு வாசகர், பொங்கோல், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

நாட்டு மாட்டுப் பாலை விடுங்கள். காய்ச்சினால் 70 டிகிரிக்கு மேல் அந்தப் புரதம் உருக்குலையும். சத்து வீணாகாது, அதையும் விடுங்கள். அந்த ‘தேவையில்லைதானே’வைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் படித்தது சரி. பசும்பாலைத் திரித்துக் கட்டியை எடுத்தபின் நிற்கும் தெளிநீரில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய பாதி இதுதான். லிட்டருக்கு 3 கிராம் அளவு. எட்டு இழைகள் வளைந்து சின்னக் கிண்ணம்போல் நிற்கும். கிண்ணத்தின் உட்சுவருக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய்ப் பசை உள்ளவை ஒட்டும். கொழுப்பு அமிலம், வைட்டமின் ஏ, டி எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வாயில் ஒரு மூடியும் உண்டு. புளிப்பில் மூடிக்கொள்ளும், புளிப்பு குறைந்தால் திறக்கும். நம் ரத்தத்தில் வைட்டமின் ஏயைச் சுமக்கும் புரதத்தின் வடிவமும் ஏறக்குறைய இதேதான் என்பது 1986இல் தெரிந்தது. எனக்கு இதை நினைக்க நினைக்க ஆசையாக இருக்கும்.

ஆனால் தம்பி, பிடிக்கத் தெரியும் என்பது வேறு, பிடித்துக்கொண்டு வருகிறது என்பது வேறு. பாலில் இருக்கும் வைட்டமின் ஏயில் பெரும்பகுதி கொழுப்புத் துளிகளுக்குள்தான் கரைந்து கிடக்கிறது. கொழுப்பை எடுத்தால் அதுவும் கூடவே போகிறது. கிண்ணம் மட்டும் பாலில் மிஞ்சும். அதில் பிடித்துவைக்க என்ன இருக்கிறது? அதனால்தான் தொழிற்சாலையில் வெளியிலிருந்து சேர்க்கிறார்கள். இன்னொன்றும் கேளுங்கள்: தாய்ப்பாலில் இந்தப் புரதமே கிடையாது. தாயின் உடல் அதைச் செய்வதே இல்லை. அப்படியும் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு வைட்டமின் ஏ போய்ச் சேர்கிறது, கொழுப்பின் வழியாக. பீட்டா லாக்டோகுளோபுலின் வைட்டமினைக் கொண்டுபோய்ச் சேர்க்கவே படைக்கப்பட்டது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். சோதனைக் குழாயில் பிடித்ததைப் பார்த்துவிட்டு வேலையையும் அதன் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது அத்தை வீடு தேக்கா பக்கம் இருந்தது. அத்தை வேலைக்குப் போனதால் கடைக்குட்டிக்கு டின் பால். கொழுப்பெடுத்த பாலில் செய்த கெட்டிப்பால், விலை குறைவு. ஒரு கரண்டி எடுத்துச் சுடுதண்ணீரில் கலக்கினால் வெள்ளையாகத்தான் இருக்கும், இனிக்கவும் செய்யும். இரண்டு வயதில் பையன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தான். ஆனால் பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பான். ஒருநாள் அவன் காலடியிலேயே கிடந்த தகர டம்ளரைக் கையால் துழாவித் துழாவித் தேடினான். நாங்கள் விளையாட்டு என்று சிரித்தோம். மாலைக்கண். டாக்டர் மீன் எண்ணெய் கொடுத்தார், சில நாளில் சரியானது. கொஞ்சம் தாமதித்திருந்தால் கருவிழியே கெட்டிருக்கும் என்று அவர் சொன்னதை அத்தை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கொழுப்பெடுத்தாலும் அந்த டின் பாலில் புரதம் இருக்கத்தான் செய்தது. அதை மறக்காதீர்கள்.

இது நடப்பதற்குப் பல வருடம் முன்பே, 1939இல், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் இதே சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தில் எழுந்து பேசினார். பேச்சின் தலைப்பே ‘பாலும் கொலையும்’. இனிப்புக் கெட்டிப்பாலைக் கைக்குழந்தைக்கு நல்லது என்று சொல்லி விற்பதால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். பால் வியாபாரிகளின் காதிலும் விழும்படி சொன்ன அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழும். ஆனால் அவர் சொன்னது எங்கள் அத்தை வீடுவரை வந்து சேரவில்லை.

உங்கள் பெட்டிப் பால் அந்த டின் பால் அல்ல. வைட்டமின் சேர்த்திருக்கிறார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் சேர்த்த வைட்டமினையும் குடல் நன்றாக உறிஞ்ச, சாப்பாட்டில் கொழுப்பு வேண்டும். இரண்டு வயதுக்குள் கொழுப்பு நீக்கிய பால் கொடுக்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதும் சும்மா அல்ல. உங்கள் இடுப்பளவுக்காக நீங்கள் குடிப்பதை, வளர்கிற பிள்ளைக்கு ஏன் ஊற்றுகிறீர்கள்? அவனுக்குத் தனியாக முழுப் பால் ஒரு பெட்டி வாங்குங்கள். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் அதை எடுத்துக் காட்டுங்கள். பாவம், எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ.