கனடாவில் கிளித்தட்டை ஒரு தொழிலாகத் தொடங்கலாமா?

கேட்டவர் கிளிநொச்சியிலிருந்து ரொறன்ரோ போனவர். கிளித்தட்டு என்றால், கோடுகளில் நின்று மறிக்கிறவர்களிடம் தொடுபடாமல் மற்ற அணி கட்டங்களைக் கடந்து ஓடுகிற எங்கட ஊர் விளையாட்டு. தொடங்கலாம், ஆனால் மைதானத்துக்குக் காசு கொட்டாதேங்கோ. 1965இல் அமெரிக்காவில் பிறந்த பிக்கிள்பால் என்ற மட்டைப்பந்து விளையாட்டு பரவ ஒரு காரணம், பட்மின்ரன் ஆடுகளத்தின் 44க்கு 20 அடி அளவையே எடுத்துக்கொண்டதுதான். கிளித்தட்டு இன்னும் சுலபம். வன்னியில் தடியால் மண்ணில் கீறுகிற கோட்டை அங்கே பாடசாலை உள்ளரங்கில் நிற ரேப்பால் ஒட்டலாம். பந்துமில்லை, மட்டையுமில்லை, ஆகவே பொருள் விற்றுக் காசு வராது, பயிற்சிக் கட்டணம்தான் வருமானம். மண்டப வாடகை, பொறுப்புக் காப்புறுதி இரண்டும் செலவு.

சிக்கல் விதிதான். ஊருக்கொரு விதி சொல்லிச் சண்டை பிடிக்கிற ஆக்கள் நாங்கள். நடுக்கோடு கிளிக்கு (மறிக்கிற அணியின் தலைவருக்கு), குறுக்குக்கோட்டில் மறிப்பவர் அதைவிட்டு விலகக்கூடாது என்று படம் கீறி ஒரே பக்கத்தில் எழுதுங்கோ. தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கும் பழக்குங்கோ. எங்கட சனத்தை மட்டும் நம்பினால் வருசாந்த ஒன்றுகூடலோடு நின்றுவிடும்.