மனநல ஆலோசகர் சமூக அநீதியைப் பற்றிப் பேசலாமா?

கேள்வி: நான் பார்க்கும் மனநல ஆலோசகர் என் சம்பளம், சாதி, வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்றெல்லாம் கேட்கிறார். என் மனப்பதற்றத்துக்கும் சமூக நீதிக்கும் என்ன தொடர்பு? சிகிச்சை தருபவர் நடுநிலையாக இருக்க வேண்டாமா?

உளவியல் ஆலோசனைதான் என் தொழில் என்பதால் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுப் பேசாமல் போக என்னால் முடியவில்லை. நீங்கள் விடுப்பு எடுத்து, கட்டணம் செலுத்தி, பதற்றம் குறைந்தால் போதும் என்று போயிருப்பீர்கள். போன இடத்தில் இப்படியெல்லாம் கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். அவர் தம் கொள்கையை உங்கள் மீது திணித்திருந்தால் அது தவறு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் கேட்பதே தவறு என்று நீங்கள் நினைத்தால், என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்த இளம்பெண் அவர். "இவளுக்குத் தூக்கமே வரமாட்டேங்குது மேடம், நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்குறா, இதயத்துல ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று தாய் சொல்லிக்கொண்டிருந்தபோது, மகள் துப்பட்டாவுக்குள் கைகளை மறைத்தபடி சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்குள் ஆலை விடுதிக்குத் திரும்பாவிட்டால் அடுத்த வாரம் வெளியே விடமாட்டார்களாம். கையை வெளியே எடுத்தபோது, அறுந்த நூலை ஓடி ஓடி இணைத்ததில் விரல்நுனிகள் கீறிக் கிடந்தன.

தூக்கத்தைப் பற்றி மட்டும் விசாரித்து, மூச்சுப்பயிற்சி கற்றுக்கொடுத்து அனுப்பியிருந்தால், உங்கள் கணக்கில் நான் நடுநிலையாளர் ஆகியிருப்பேன். எந்த ஷிப்டில் படபடப்பு அதிகம் என்று கேட்டேன். பாதி இரவு வரை நீளும் 'அரை நைட்' ஷிப்டில் என்றார். அந்த ஷிப்டில் யார் மேற்பார்வை என்று கேட்டதும் அழ ஆரம்பித்தார். அந்த ஆள் உரசிக்கொண்டு நிற்பதும், கழிப்பறைக்குப் போனால் பின்னாலேயே வருவதும், எதிர்த்துப் பேசினால் சம்பளத்தைப் பிடிப்பதும் மாதக்கணக்கில் நடந்திருக்கின்றன. இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, "முதல்ல நான் சிரிச்சுப் பேசுனதுதான் தப்பு மேடம்" என்றார்.

ஒழுக்கம் என்பது சிகிச்சை அறைக்குள் நுழைவது பெரும்பாலும் இப்படித்தான். குற்றம் செய்தவருக்கு வர வேண்டிய உறுத்தல் பாதிக்கப்பட்டவரின் மனத்தில் குடியேறி, தூக்கமின்மையாகவும் நெஞ்சு படபடப்பாகவும் வெளிப்படுகிறது. அதைக் கேட்டுவிட்டு "தவறு உன்னுடையதல்ல" என்று சொல்வது ஒரு ஒழுக்கத் தீர்ப்பு என்றால், ஆம், அந்தத் தீர்ப்பை நான் சொன்னேன். வாய்மூடி இருந்திருந்தால் அதுவும் ஒரு தீர்ப்பாகவே அவருக்குப் பட்டிருக்கும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்பதைத் தெரிவித்தேன். புகார் கொடு என்று நான் தூண்டவில்லை. அவர் தோழிகளோடு பேசி, தாமாகவே முடிவெடுத்து எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஆலைத் தரப்பிலிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்த ஒருவர், அந்தப் பெண் "மனநிலை சரியில்லாதவர்" என்று ஒரு கடிதம் தர முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். நான் மறுத்துவிட்டேன். நம் துறையிடமிருந்து அதிகாரம் எதை எதிர்பார்க்கிறது என்பது அன்று எனக்குத் தெளிவாகவே தெரிந்தது.

இது புதிய கதையும் அல்ல. அமெரிக்காவில் 1851ஆம் ஆண்டு சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவது 'டிராபிடோமேனியா' என்னும் மனநோயின் விளைவு என்று எழுதினார். பண்ணை முதலாளிகளைக் குறித்து அவர் எந்த நோயையும் கண்டுபிடிக்கவில்லை. தன்பாலின ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கோ, பிள்ளையை 'மாற்றிக்' கொடுக்கச் சொல்லிப் பெற்றோர் இன்றும் அழைத்து வருகிறார்கள். அப்படி மாற்ற முயல்வதைத் தடைசெய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் உத்தரவிட்டார். அந்த வழக்கில் தம் சொந்த முன்முடிவுகளைப் புரிந்துகொள்வதற்காக அவரே ஓர் உளவியலாளரிடம் சென்று அமர்ந்தார் என்பது என் துறையினர் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி.

நம் நாட்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, இதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, அவர் சார்ந்த சமூகத்தின் ஒழுக்க மதிப்பீடுகளோடு அவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்தோ அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது அதன் 3ஆம் பிரிவு. சாதி மாறிக் காதலித்த மகளுக்குப் 'புத்தி பேதலித்துவிட்டது' என்று அழைத்து வரும் குடும்பங்களிடம் இந்தப் பிரிவைப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

எல்லாத் துயரத்துக்கும் சமூகமே காரணம் என்கிறாயா, மாத்திரையே வேண்டாம் என்கிறாயா என்று சிலர் கேட்கக்கூடும். அப்படி நான் சொல்லவில்லை. மனச்சிதைவு நோயும் இருதுருவ நோயும் வசதியான வீடுகளிலும் வருகின்றன; அவற்றுக்கு மருந்து அவசியம், தேவைப்படுபவரை மனநல மருத்துவரிடம் நானே அனுப்பிவைக்கிறேன். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டு தற்கொலை செய்துகொண்ட 1,64,033 பேரில் 42,004 பேர் தினக்கூலிகள். அவர்களுடைய கூலியையும் கடனையும் பற்றிக் கேட்காமல் அவர்கள் மனத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

இதை ஒட்டி என் ஆதங்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி' என்று ஒரு மணி நேரம் பேசச் சொல்லி நிறுவனங்கள் அழைக்கின்றன. கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டிய இடத்தில், மதிய உணவுக்கான அரைமணியில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு, தொழிலாளிகளுக்குத் தியானம் சொல்லித்தர வேண்டுமாம். டோக்கன் முறையை நிறுத்தினால் வருகிறேன் என்று சொன்ன பிறகு அங்கிருந்து அழைப்பு வரவில்லை. வேறு யாராவது போயிருப்பார்கள்.

அந்தப் பெண் எல்லாவற்றிலிருந்தும் மீண்டுவிட்டார் என்று சொல்லமாட்டேன். அந்த மேற்பார்வையாளரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், வேலையை விட்டு அனுப்பவில்லை. இரவுத் தூக்கம் மெல்லத் திரும்பியது. கூட்டமான பேருந்தில் யாராவது பின்னால் வந்து நின்றால் இன்னும் உடல் விறைத்துப் போகிறது என்கிறார். அதற்காக அவர் இப்போதும் வருகிறார், அந்தப் பயத்தைக் குறைப்பதற்கான பயிற்சிகளைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

உங்கள் விஷயத்தில் நீங்கள் செய்யக்கூடியது எளிது. "இதை ஏன் கேட்கிறீர்கள், என் பதற்றத்துக்கு இது எப்படி உதவும்?" என்று அடுத்த முறை அவரிடமே கேளுங்கள். பொறுமையாக விளக்கினால் தொடருங்கள். பதில் சொல்லாமல் பிரசங்கம் செய்தால் தயங்காமல் வேறொருவரைப் பாருங்கள். அதுவரை யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.