நீமோ பார்க்க மகள் பயப்படுகிறாளா?

‘ஃபைண்டிங் நீமோ’ கார்ட்டூன் படம் போட்டதும் அம்மா மீன் இறந்துபோகிற காட்சியிலேயே ஐந்து வயது மகள் அழுதுவிட்டாள், மேலே காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் காட்டலாம். அந்தக் காட்சி படத்தின் பெயர் வருவதற்குள் முடிந்துவிடும். குட்டி மீன் நீமோ பள்ளிக்கூடம் போகத் துள்ளிக்கொண்டு அப்பாவை எழுப்புகிற இடத்திலிருந்து போடுங்கள். அம்மா இல்லை என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அப்பா மார்லின் ஏன் எதற்கெடுத்தாலும் பதறுகிறார் என்று புரியாது.

மார்லினோடு வரும் நீல மீன் டோரியின் மூக்கில் ரத்தம் கசிந்ததும் புரூஸ் சுறாவின் கண் கறுத்துப்போகும். என் பையன் அதற்குக்கூட அசரவில்லை. ஆழ்கடல் இருட்டில் குட்டி வெளிச்சம் மினுங்கி, பின்னாலேயே பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு மீன் வந்ததே, அப்போது என் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டான்! அங்கே சத்தத்தைக் குறைத்து அறை விளக்கைப் போட்டுவிடுங்கள். ஆமைக்கூட்டம் வந்ததும் கொஞ்சம் மூச்சு விடலாம்.